தெருவுல டிஸ்க் கோல்ஃப்: நாங்க பண்ண தப்ப நீங்களும் பண்ணாதீங்க

டிஸ்க் கோல்ஃப்னா கோல்ஃப் மாதிரிதான், பந்துக்கு பதிலா பிளாஸ்டிக் தட்ட வீசி கொறஞ்ச வீச்சுல டார்கெட்ட அடிக்கணும். தண்டையார்பேட்டைல எங்க குவாட்டர்ஸ சுத்தி ஆறு ஹோல் (வீசுற எடத்துல இருந்து டார்கெட்டு வரைக்கும் ஒரு ஹோலு) செட் பண்ணி ஞாயித்துக்கெழம காலைல ஆடிட்டு இருக்கோம். காலி பெயிண்ட் ட்ரம்மு, ஒரு வேப்பமரம், இதுதான் எங்க டார்கெட்டு. தட்டு பட்டு உள்ள விழுற மாதிரி சங்கிலி தொங்குற கூடை இல்லாம இது என்ன ஆட்டம்னு சிரிக்காதீங்க, 1975ல கலிஃபோர்னியாவுல எட் ஹெட்ரிக் ஓக் குரோவ் பார்க்குல மொத கோர்ஸ் போட்டப்போ அங்கயும் டார்கெட்டு வெறும் கம்பம்தான், சங்கிலிலாம் அப்புறமா வந்தது.

எல்லாரும் பண்ற மொத தப்பு, ஆன்லைன்ல தேடி எடுத்த ஒடனே டிரைவர், அதாவது ரொம்ப தூரம் போற தட்டு, வாங்கிடுறது. தட்டு மேல நாலு நம்பர் போட்டிருப்பான், ஸ்பீடு (வேகம்), கிளைடு (மெதக்குறது), டர்ன் (வேகத்துல சாயுறது), ஃபேடு (கடைசில சாயுறது). மொத நம்பரு 12, 13னு இருந்தா அது டிஸ்டன்ஸ் டிரைவர், விளிம்பு நல்லா அகலமா, ஓரம் கூரா, கெட்டியா இருக்கும், 170 கிராம் வெயிட்டு அந்த விளிம்போட வந்து கணுக்கால்ல பட்டா கண்ணுல தண்ணி வந்துரும். தெருவுக்கு 2, 3 ஸ்பீடு பட்டர் போதும் (கிட்ட வீசுற மெதுவான தட்டு, பால் பூத்துல கேக்குற பட்டர் இல்ல). எங்க பெரிய ஹோலே நாப்பது மீட்டர்தான், அதுக்கு எதுக்குங்க டிரைவரு?

ரெண்டாவது தப்புதான் எங்கள நெஜமாவே அசிங்கப்படுத்துனது. வலது கையால பேக்ஹேண்ட் (ஒடம்புக்கு குறுக்க கைய கொண்டு போய் பொறங்கை முன்னால வர்ற மாதிரி) வீசுனா தட்டு நேரா போற மாதிரியே போகும், வேகம் கொறையும்போது இடது பக்கம் சாஞ்சி எறங்கும், அதான் ஃபேடு. இது தெரியாம மூணாவது ஹோலுக்கு வரிசையா வாசல் இருக்கிற பக்கம் இடது கைப்பக்கமா வர்ற மாதிரி டீ (மொதல்ல நின்னு வீசுற எடம்) போட்டுட்டோம். நான் வீசுனது ட்ரம்மு கிட்ட வரைக்கும் ஷோக்கா போய் அப்புடியே திரும்பி ஒரு ஆயா வாசல்ல மொறத்துல காயவெச்ச மோர் மொளகா மேல உக்காந்துச்சு. ஆயா திட்டவேயில்ல, தட்ட எடுத்து திருப்பி திருப்பி பாத்துட்டு "இதுல இன்னாடா, சோறு போட்டு துன்றீங்களா"ன்னு கேட்டுச்சு. மறுவாரம் போனா அந்த தட்டுலயே மோர் மொளகா காயுது, கேக்கவும் வாய் வரல, சரினு விட்டுட்டோம். இப்ப டீய எதிர் மொனைக்கு மாத்தியாச்சு, இடது பக்கம் முழுக்க கோடவுன் காம்பவுண்டு சொவரு, எவ்ளோ சாஞ்சாலும் அதுலதான் முட்டும். இடது கைக்காரன் ஆடுனா இதே கணக்கு தலகீழா வரும், அவனுக்கு மட்டும் ஃபோர்ஹேண்டுனு (உள்ளங்கை முன்னால வர்ற மாதிரி வீசுறது) சொல்லி வெச்சிருக்கோம்.

வளைவு இருக்குற எடத்துல மேண்டோ (கட்டாயமா போவ வேண்டிய வழி) வெச்சிருங்க, அதாவது இந்த லைட் கம்பத்துக்கு வலது பக்கமாதான் தட்டு போவணும், தப்பிச்சின்னா ஒரு பெனால்டி, கணக்குல ஒரு வீச்சு கூடும். இது ஆட்டத்தோட சொந்த ரூலுதான், நாம ஒன்னும் புதுசா கண்டுபுடிக்கல.

காத்த மறந்துடாதீங்க. காலைல ஒன்னும் தெரியாது, மத்தியானம் ஆச்சுன்னா கடல் காத்து கெளம்பிரும், அப்ப கடல் பக்கம் பாத்து வீசுனா எதிர்காத்துல தட்டு வலது பக்கமா பெரண்டுரும், திரும்பி மேக்கால வீசுனா தூக்கவே தூக்காது, சீக்கிரமா எறங்கி இடது பக்கம் விழும். ஒரே தெரு, ஒரே தட்டு, போறப்பவும் வர்றப்பவும் அதே பக்கத்து வீட்டு ஜன்னலுக்குதான் ஆபத்து, பேஜாரு. லேசான தட்டுன்னா இன்னும் மோசம்.

கத்துறதுலயும் தப்பு பண்ணோம். கோல்ஃப்ல ஒதுங்க சொல்லி கத்துற மாதிரி ஃபோருனு கத்துனா கொடம் தூக்கிட்டு போற அக்காவுக்கு என்னா புரியும், நின்னு திரும்பி பாக்கும், அதான் இருக்கறதுலயே ஆபத்து. "தட்டு வருது, குனி"ன்னு கத்துங்க. அதவிட, ஆளு தாண்டுற வரைக்கும் வீசாம நில்லுங்க, யாருக்காவது அடிபட சான்ஸ் இருந்தா வீசக்கூடாதுன்னு ரூல்லயே இருக்கு. தண்ணி லாரி வந்துச்சுனா ஆட்டத்த நிறுத்திட்டு டீ குடிக்க போயிடுவோம், அர மணி நேரத்துக்கு கொடத்துக்கு நடுவுல ஒன்னும் ஆட முடியாது.

காம்பவுண்டுக்குள்ள விழுந்தா அவுட் ஆஃப் பவுண்ட்ஸ் (எல்லைக்கு வெளிய), ஒரு பெனால்டி, அவ்ளோதான். சொவரு ஏறாதீங்க, பெல்லடிச்சி கேளுங்க. தட்டு அடியில ஃபோன் நம்பர் எழுதி வைங்க, எங்களுக்கு ரெண்டு தட்டு அப்புடிதான் திரும்பி வந்துச்சு.

போன மாசம் காசு சேத்து சங்கிலி வெச்ச கூடை ஒன்னு வாங்குனோம். காலைல ஆறு மணிக்கு கிட்ட இருந்து வீசுன மொத தட்டு உள்ள விழுந்து ஜல்லுனு சத்தம், எங்களுக்கு ஒரே குஷி. மேல ஹார்பர்ல நைட் ஷிஃப்ட் முடிச்சி வந்து படுத்த அண்ணன் ஜன்னல தொறந்து எங்கள பாத்தாரு, ஒன்னும் சொல்லல, சாத்திட்டாரு. இப்ப அந்த கூடை எங்க வீட்டு மாடிப்படி கீழதான் இருக்கு, கிரவுண்டுக்கு போறப்ப மட்டும் எடுப்போம், தெருவுல பழையபடி பெயிண்ட் ட்ரம்மு, அதுலயும் உள்ள ஒரு கோணிப்பைய போட்டுட்டோம்.