டவர் டிஃபென்ஸ் விளையாட்டில் எதை வைப்பது, எதை வெட்டுவது

டவர் டிஃபென்ஸ் என்பது, வெளியேறும் வாசலை நோக்கி அலை அலையாக வரும் எதிரிகளை, சுடும் கோபுரங்களைக் கட்டித் தடுக்கும் கணினி விளையாட்டு. அதை உருவாக்கும்போது, எத்தனை கோபுரங்கள் வேண்டும் என்று எண்ணுவதற்கு முன், எதிரிகள் நடக்கும் பாதையைத் தீர்மானிப்பவர் நீங்களா, ஆட்டக்காரரா என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். 2007-இல் வெளிவந்த டெஸ்க்டாப் டவர் டிஃபென்ஸில் களம் வெறும் திறந்தவெளி. அங்கே கோபுரங்களே சுவர்களாகி எதிரிகளைச் சுற்றி அலைய வைக்கும். 2011-இல் வந்த கிங்டம் ரஷ்ஷிலோ பாதையும் கோபுரம் கட்டும் இடங்களும் முன்பே குறிக்கப்பட்டிருக்கும். முதல் வகையில் சுதந்திரம் அதிகம் என்றாலும், ஒவ்வொரு கோபுரம் எழும்போதும் வழி முழுவதுமாக அடைபடுகிறதா என்று நிரல் சரிபார்க்க வேண்டியிருக்கும். நல்ல வளைவு ஒன்றைக் கண்டுபிடித்தவர் எல்லா ஆட்டத்திலும் அதையே கட்டுவார். சிறிய குழுவுக்கு இரண்டாம் வகையே ஏற்றது என்பது என் கருத்து.

திறந்த களத்தைத்தான் தேர்ந்தெடுப்பீர்கள் என்றால், விற்பனை விலையில் கவனம் தேவை. விற்ற கோபுரத்துக்கு முழுப் பணமும் திரும்பக் கிடைத்தால், கூட்டம் வாசலை நெருங்கும் வேளையில் ஒரு பக்கத்தை அடைத்து மறுபக்கத்தைத் திறந்து, எதிரிகளை வந்த வழியே திருப்பி நடக்க வைத்துவிடலாம். இதை மாறி மாறிச் செய்தால் அவர்கள் வெளியேறவே மாட்டார்கள். விலையை ஒரேயடியாகக் குறைத்தாலோ, தவறான இடத்தில் கட்டிவிட்ட புதியவர் தண்டிக்கப்படுகிறார். எனவே அலை தொடங்கும்வரை முழு விலையும், தொடங்கிய பின் அதில் ஒரு பகுதியும் கொடுப்பதே நியாயமான சமரசம்.

வேகத்தைக் குறைக்கும் பனிக் கோபுரமும் இப்படிப்பட்டதே. 50% குறைப்பை அப்படியே கூட்டினால் இரண்டு கோபுரங்களில் எதிரி நின்றுவிடுவான். பெருக்கினால்கூட மூன்றில் அவனுடைய வேகம் 12.5% ஆகிவிடும். ஆகவே மிக வலுவான ஒரு குறைப்பு மட்டுமே செல்லும் என்று விதி வையுங்கள்.

வெட்டுவதற்கு நான் வைக்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த அம்சம், கோபுரத்தை எங்கே, எப்போது வைப்பது என்ற முடிவை மாற்றுகிறதா? வானிலையும், கோபுரங்களைப் பழுதுபார்க்கும் வேலையும் பெரும்பாலும் இதில் தேறுவதில்லை. நெருப்பு, நீர், மின்னல் என்று ஆறு வகைத் தாக்குதல்களை அடுக்குவதற்குப் பதிலாகக் கவசம் என்ற ஒரே எண் போதும். அடிக்கு 6 சேதம் வீதம் நொடிக்குப் பத்து முறை சுடும் கோபுரமும், அடிக்கு 20 வீதம் நொடிக்கு மூன்று முறை சுடும் கோபுரமும் சமமாக நொடிக்கு 60 சேதம் தருபவை. ஒவ்வொரு அடியிலும் 5-ஐக் கழிக்கும் கவசம் வந்ததும் முதலாவது 10-க்கு இறங்கிவிடும், இரண்டாவது 45-இல் நிற்கும். அட்டவணை எதையும் மனப்பாடம் செய்யாமலே ஆட்டக்காரர் இதைப் புரிந்துகொள்வார்.

புதிதாக ஒன்றைச் சேர்க்கத் தோன்றும்போது, முதலில் இருக்கும் எண்ணை மாற்றிப் பாருங்கள். பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸாம்பீஸ் (2009) உருவானபோது, செடிகள் வாங்கப் பணமாகப் பயன்படும் சூரிய ஒளியைத் தரும் சூரியகாந்தியைப் புதியவர்கள் முதலில் நடாமல் விட்டதால், அதன் வடிவமைப்பாளர் ஜார்ஜ் ஃபேன் அந்தச் செடியின் விலையை 100-இலிருந்து 50-ஆகக் குறைத்தார். அதற்காக முழு ஆட்டத்தையும் மறுபடி சமன் செய்ய வேண்டியிருந்தது. ஆனால் கூடுதல் விளக்கத் திரை எதுவும் தேவைப்படவில்லை.

வெட்ட முடிவெடுத்த அம்சத்தை உடனே அழிக்காமல், அமைப்புக் கோப்பில் முடக்கி வைத்துச் சிலரை விளையாடச் சொல்லுங்கள். யாரும் அதைத் தேடவில்லை என்றால் எடுத்துவிடலாம். நீக்கிய கோபுரத்தின் அடையாள எண்ணை மட்டும் வேறொன்றுக்குக் கொடுத்துவிடாதீர்கள். முன்பு சேமித்து வைத்த ஆட்டத்தைத் திறப்பவரின் பனிக் கோபுரம் பீரங்கியாகி நிற்கும்.