கிளமிடியா: மருந்து சாப்பிட்ட பிறகும் ஏன் திரும்ப வருகிறது?

கிளமிடியா பாலுறவு வழியாகப் பரவும் ஒரு பாக்டீரியா தொற்று. ஒரு வாரம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் பொதுவாகக் குணமாகிவிடும். அப்படியிருந்தும் பலருக்குச் சில மாதங்களிலேயே மறுபடி வருகிறது. குறை பெரும்பாலும் மருந்தில் இல்லை. துணைக்கும் சிகிச்சை தராமல் விடுவதுதான் பெரிய காரணம். ஒருமுறை வந்துபோனதால் உடலில் எதிர்ப்புச் சக்தி எதுவும் நிலைப்பதில்லை; துணையிடமிருந்து அப்படியே திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

'எனக்குத்தான் ஒன்றும் இல்லையே' என்று துணை சொல்லலாம். அதை நம்பி விட்டுவிடாதீர்கள். பெண்களில் பெரும்பாலோருக்கும், ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும் எரிச்சலோ வலியோ எதுவும் தெரியாது. சத்தமில்லாமல் கருக்குழாய் வரை ஏறித் தழும்பு உண்டாக்கினால், பின்னாளில் கருத்தரிப்பதே சிக்கலாகலாம். கடந்த 60 நாட்களில் உறவு வைத்துக்கொண்ட எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும். சங்கடம்தான். 'எனக்கு கிளமிடியா இருப்பது தெரிந்தது, நீயும் டாக்டரைப் பார்' என்று ஒரு வரி அனுப்பினால் போதும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

பரிசோதனையிலும் சறுக்குகிறார்கள். சிறுநீர் என்றதும் பழக்கத்தில் நடுப்பகுதியைப் பிடித்துக் கொடுப்பார்கள். இதற்கு வேண்டியது முதலில் வரும் சிறுநீர். அதற்கு முன் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருக்க வேண்டும். உறவு கொண்ட மறுநாளே ஓடிப்போய்ப் பரிசோதித்து, 'இல்லை' என்று வந்ததும் நிம்மதியாக இருப்பதும் தவறு. இரண்டு வாரம் கழித்துத்தான் அந்த முடிவை நம்பலாம்.

வழக்கமாகத் தருவது டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, 7 நாள். மூன்றாம் நாளே நிறுத்துவது, இருப்பதைத் துணையோடு பங்குபோடுவது இரண்டுமே வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையோடும், நெஞ்செரிச்சலுக்குச் சாப்பிடும் ஆன்டாசிடோடும் சேர்த்து விழுங்கினால் மருந்து சரியாக உடலில் சேராது. ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள், உடனே படுக்காதீர்கள். கர்ப்பிணி என்றால் முதலிலேயே சொல்லுங்கள், மருந்து மாறும்.

இருவரும் மருந்தை முடிக்கும்வரை உறவு வேண்டாம், ஆணுறையோடும்கூட. ஒரே வேளை மருந்து என்றால் அதன்பின் 7 நாள். அடுத்த பரிசோதனை மூன்று மாதம் கழித்து. நான்கு வாரத்துக்குள் அவசரப்பட்டு எடுத்தால், செத்த கிருமியின் மிச்சமே 'இருக்கிறது' என்று காட்டிவிடும்.