பெட்டி வரலையா? ஏர்போர்ட்டை விட்டு வெளியே போயிடாதீங்க

பெல்ட் நின்ன பிறகும் பெட்டி வரலையா, சக்கரம் பிய்ஞ்சு வந்திருக்கா? எவ்வளவு அசதியா இருந்தாலும் அங்கேயே பேக்கேஜ் கவுண்டர்ல பி.ஐ.ஆர். (பெட்டி வரல, சேதமாயிடுச்சுன்னு ஏர்லைன் எழுதித் தர்ற அறிக்கை) புகாரைப் பதிஞ்சு, நகல் வாங்கிடுங்க. போர்டிங் பாஸ்ல ஒட்டித் தர்ற சின்ன டேக் ஸ்டிக்கரைத் தயவுசெஞ்சு கிழிச்சுப் போடாதீங்க, அதுதான் ஆதாரம்.

வெளிநாட்டுப் பயணம்னா பெரும்பாலும் மான்ட்ரியல் ஒப்பந்தம் (விமானப் பயண இழப்பீட்டுக்கான சர்வதேச ஒப்பந்தம்) பொருந்தும். சேதத்துக்கு 7 நாள், தாமதமா வந்ததுக்குப் பெட்டி கைக்கு வந்து 21 நாள். அதுக்குள்ள ஏர்லைனுக்கு எழுத்துல புகார் போகணும். வாய்ப்பேச்சு செல்லாது. 21 நாள் தாண்டியும் வரலைன்னா தொலைஞ்சதாத்தான் கணக்கு.

இழப்பீட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒருத்தருக்கு 1,519 எஸ்.டி.ஆர். (ஐ.எம்.எஃப்.போட கணக்கு அலகு), சுமார் 2,000 அமெரிக்க டாலர். அது வரம்புதான், அப்படியே கைக்கு வராது. அதனால நகையைப் பெட்டியில வைக்கவே வைக்காதீங்க. காத்திருக்கிற நாள்ல வாங்கின மாத்துத்துணி, பேஸ்ட் பில்லைக்கூட பத்திரப்படுத்துங்க, அதையும் கேட்கலாம்.