பன்னிரண்டு மடங்கு ஐஸ்: வெப்பக் கடத்துத்திறனை அலகு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்தில் ஐஸ் பிளாண்ட், குளிர் அறை, விசைப்படகு ஆகியவற்றுக்கு இன்சுலேஷன் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. இன்ஜினியரிங் முடித்துப் புதிதாக வரும் பிள்ளைகள் வருஷம் தவறாமல் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். புள்ளி இடம் மாறுவதும், கால்குலேட்டரில் எண்ணைத் தப்பாகத் தட்டுவதும் இரண்டாம் தடவை பார்த்தாலே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

32-ஐக் கழிப்பது

கழிக்காதீர்கள். 273-ஐக் கூட்டவும் வேண்டாம். வெப்பக் கடத்துத்திறனின் அலகில் இருப்பது வெப்பநிலை வேறுபாடு. ஒரு கெல்வின் வேறுபாடும் ஒரு செல்சியஸ் வேறுபாடும் ஒன்றே. ஃபாரன்ஹீட்டில் அது 1.8.

மேலே இஞ்ச், கீழே சதுர அடி

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க கேட்லாக்குகளில் கே மதிப்பு, அதாவது வெப்பக் கடத்துத்திறன், இரண்டு விதமாக வரும். ஒன்று, பி.டி.யு./(மணி·அடி·°ஃபா); பி.டி.யு. என்பது வெப்பத்தை அளக்கும் பிரிட்டிஷ் அலகு. மற்றது, பி.டி.யு.·இஞ்ச்/(மணி·சதுர அடி·°ஃபா). சுவரின் பரப்பைச் சதுர அடியிலும் கனத்தை இஞ்சிலும் அளக்கிற பழக்கத்தால் வந்தது இரண்டாவது. இன்சுலேஷன் பொருட்களுக்குப் பெரும்பாலும் இதைத்தான் அச்சடிக்கிறார்கள். முதலாவதை 1.7307-ஆல் பெருக்கினால் வாட்/(மீட்டர்·கெல்வின்) கிடைக்கும். இரண்டாவதை 0.1442-ஆல் பெருக்க வேண்டும். நடுவில் இருப்பது சரியாக 12 மடங்கு.

தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் கடலில் தங்குபவை. அப்படி ஒரு படகில் மீனும் ஐஸும் அடுக்கும் அறைக்கு 4 இஞ்ச் பஃப் (பாலியூரித்தேன் நுரை) அடித்து, உள்ளே ஃபைபர் பூசுவதாகப் பேச்சு. கேட்லாக்கில் கே மதிப்பு 0.16. எங்களோடு இருந்த பையன் அதை 1.7307-ஆல் பெருக்கி 0.277 என்று எழுதினான். அறையின் உள்பரப்பு 60 சதுர மீட்டர், உள்ளே 0 டிகிரி, வெளியே சராசரி 30 டிகிரி. சுவர் வழியே உள்ளே வரும் சூட்டுக்கு மட்டும் நாளொன்றுக்கு 1,270 கிலோ ஐஸ் உருகும் என்று கணக்கு வந்தது. முப்பது நாளுக்கு 38 டன்! படகுக்காரர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எடே மக்கா, இவ்வளவு ஐஸையும் ஏத்திட்டுப் போனா மீனை எங்க கொண்டு வைக்க?”

அவர் கேட்டது நியாயம். கேட்லாக்கில் இருந்தது இஞ்ச் கணக்கு; 0.16-ஐ 0.1442-ஆல் பெருக்கினால் 0.023. அப்போது உள்ளே வரும் வெப்பம் 410 வாட் அளவுதான். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும் என்பதால், நாளொன்றுக்கு 106 கிலோ போதும். முப்பது நாளுக்கு மூன்றேகால் டன்னுக்குள் முடிந்துவிடும். பிடித்த மீனைக் குளிர்விக்கும் ஐஸ் தனிக்கணக்கு.

அன்றைக்கு யாருக்கும் நஷ்டமில்லை, படகுக்காரரின் அனுபவம் காப்பாற்றியது. எதிர்த்திசையில் தப்பு நடந்தால் இப்படித் தப்ப முடியாது. ஒரு குளிர் அறையில், அடிக் கணக்கில் கொடுத்திருந்த 0.02-ஐ இஞ்ச் கணக்கு என்று படித்துவிட்டார்கள். 0.0346 வர வேண்டிய இடத்தில் 0.0029 வந்தது. அதை நம்பித் தெர்மாகோலை மெல்லிசாக ஒட்டினார்கள். சுவரின் வெளிப்பக்கம் வேர்த்து ஒழுகியது, கம்ப்ரஸர் ஓய்வே இல்லாமல் ஓடியது, கடைசியில் எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்து மறுபடி ஒட்டினார்கள். ஒரே ஒரு வரியைக் கவனமாகப் படித்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

0.277-உம் சின்ன எண், 0.0029-உம் சின்ன எண். அதனால்தான் இரண்டும் கண்ணை உறுத்துவதில்லை. மாற்றிய உடனே தெரிந்த பொருளோடு ஒப்பிடுங்கள். அசையாத காற்று 0.026. நல்ல பஃப் அதைவிடக் கொஞ்சம் குறைவு, நுரைக்குள் அடைபட்ட வாயு காற்றைவிடக் குறைவாகக் கடத்துவதால். தெர்மாகோல் 0.035 பக்கம். குலசேகரத்து ரப்பர் ஷீட் மாதிரியான கெட்டி ரப்பரே 0.14-ஐ ஒட்டித்தான் வரும், பஃப்புக்கு 0.277 வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். 0.003 என்பது வெற்றிடப் பேனல்கூடச் சாதாரணமாகத் தொடாத எண்.

அப்புறம், மாற்றத் தொடங்கும் முன் அலகை முழுசாகக் கையால் தாளில் எழுதுங்கள். “பி.டி.யு. கணக்கு” என்று மொட்டையாக எழுதிய தாளை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ஆர் மதிப்பைக் கே என்று எடுப்பது

ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் அளவு, கனத்தைக் கே-யால் வகுத்தது. அதில் பெரிய எண் நல்லது, கே-யில் சிறிய எண் நல்லது. அமெரிக்க ஆர் மதிப்பை 5.678-ஆல் வகுத்தால் மெட்ரிக் ஆர் வரும்.

கலோரி

கிலோகலோரி/(மீட்டர்·மணி·°செ) என்றால் 1.163-ஆல் பெருக்குங்கள். கலோரி/(செ.மீ.·வினாடி·°செ) என்றால் 418.7. சில புத்தகங்களில் 418.4 என்று இருக்கும், கலோரியின் வரையறை வேறு. இன்சுலேஷன் வேலைக்கு அந்த வித்தியாசம் பொருட்டில்லை.

அலகு சரி, அளந்த வெப்பநிலை வேறு

கே மதிப்பு வெப்பநிலையோடு மாறும். அமெரிக்க அட்டவணைகள் பெரும்பாலும் 75°ஃபா, அதாவது 24°செ சராசரியில் அளந்தவை. ஐரோப்பிய அட்டவணைகள் 10°செ சராசரியில். அலகைச் சரியாக மாற்றிய பிறகும் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து எது மேல் என்று சொல்ல முடியாது. உள்ளே -18, வெளியே 32 என்றால் உங்கள் சுவரின் சராசரி 7 டிகிரி. அதற்குப் பக்கத்தில் அளந்த மதிப்பைக் கேளுங்கள். கேட்லாக்கில் இல்லாவிட்டால் டெஸ்ட் ரிப்போர்ட் வாங்கிய பிறகே ஆர்டர் கொடுங்கள்.