ஜாஸ் ஃபெஸ்டில் யாரைக் கேட்பது? ப்ளூஸ், சோல், ஃபங்க் பிரியர்களுக்கு ஒரு வழி

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடக்கும் ஜாஸ் ஃபெஸ்ட் இசைவிழாவுக்கு முதல்முறை கிளம்புகிற நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "பட்டியல் இவ்வளவு நீளமாக இருக்கிறதே, யாரைப் பார்ப்பது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் எழுதி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். டிக்கெட், தங்குமிடம் பற்றி இதில் இல்லை.

பெயரில்தான் ஜாஸ், மேடையில் ப்ளூஸ், சோல், ஃபங்க் எல்லாம் உண்டு. 1970-இல் காங்கோ ஸ்கொயரில் தொடங்கிய விழா இது. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி முரசு கொட்டி ஆடிய திடல் அது. 1972-இல் விழா ஃபேர் கிரவுண்ட்ஸ் குதிரைப் பந்தய மைதானத்துக்கு இடம் மாறியது, இன்றும் அங்கேதான். ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் இரண்டு வார இறுதிகள், காலை 11 முதல் மாலை 7 வரை. பத்துக்கும் மேற்பட்ட மேடைகளில் ஒரே நேரத்தில் வாசிக்கிறார்கள். நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் வேறு பத்து போய்விடும். இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் மனசு லேசாகும்.

படி 1: போஸ்டரை ஓரமாக வையுங்கள், க்யூப்ஸ் வரட்டும்

போஸ்டரில் எழுத்தின் அளவு ஒருவரின் சந்தை மதிப்பைச் சொல்லும், அவ்வளவுதான். உள்ளூர்க்காரர்கள் காத்திருப்பது 'க்யூப்ஸ்' என்று அவர்கள் அழைக்கும் தினசரி அட்டவணைக்கு. மேடைகள் ஒரு பக்கம், நேரம் இன்னொரு பக்கம், நடுவில் கட்டம் கட்டமாகப் பெயர்கள். அதை அச்செடுத்துக்கொள்ளுங்கள். விழாவுக்குச் செயலி இருக்கிறது, ஆனால் மதியம் கூட்டம் சேர்ந்தபின் என் போனில் சிக்னல் கிடைத்ததே இல்லை. காகிதமும் மூன்று நிறப் பென்சிலும் போதும். நான் ப்ளூஸுக்கு நீலம், சோலுக்குச் சிவப்பு, ஃபங்குக்குப் பச்சை வைத்திருக்கிறேன்.

படி 2: பெயரைப் பார்க்காமல் பக்கவாத்தியத்தைப் பாருங்கள்

முன்னால் பாடுகிறவர் யார் என்று மட்டும் பார்த்தால் நல்ல விஷயங்கள் கைநழுவிவிடும். இந்த ஊர் ஃபங்கின் உயிர் டிரம்ஸிலும் பேஸ் கிட்டாரிலும் இருக்கிறது. வீட்டில் ஒரு சின்னப் பயிற்சி செய்யுங்கள்: இந்த ஊர் ஃபங்க் குழுவான மீட்டர்ஸ் 1969-இல் வெளியிட்ட 'சிஸ்ஸி ஸ்ட்ரட்' இசையை மூன்று முறை கேளுங்கள். முதல்முறை கிட்டாரை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும், இரண்டாம் முறை பேஸை மட்டும், மூன்றாம் முறை எல்லாவற்றையும். அடிகளுக்கு நடுவே விட்டுவைத்த இடைவெளிதான் காலை ஆட வைக்கிறது என்பது அப்போது பிடிபடும். தெருவில் பித்தளை வாத்தியக் குழுக்களின் பின்னால் ஊரே ஆடிக்கொண்டு போகும் 'செகண்ட் லைன்' ஊர்வல நடையிலிருந்து வந்த தாளம் இது.

அந்த மீட்டர்ஸில் பேஸ் வாசித்தவர் ஜார்ஜ் போர்ட்டர் ஜூனியர். அவர் பெயரை எந்தக் குழுவின் விவரத்தில் கண்டாலும் பச்சை வட்டம் போடுகிறேன். இதேபோல ஐவன் நெவிலின் டம்ப்ஸ்டாஃபங்க், 2003-இல் இதே விழாவுக்காகக் கூடிய குழு. இரண்டு பேஸ் கிட்டார்களை ஒன்றாக வைத்து வாசித்துப் பெயர் வாங்கியவர்கள். ஒலிபெருக்கிக்கு நேரே நின்றால் சத்தம் காதுக்கு வருமுன் நெஞ்செலும்பில் தெரியும்.

படி 3: வேறெங்கும் கேட்க முடியாதவர்களுக்கு முதலிடம்

உலகச் சுற்றுப்பயணம் போகும் பெரிய நட்சத்திரம் உங்கள் ஊருக்கும் ஒருநாள் வருவார். லிட்டில் ஃப்ரெடி கிங்கைத் தேடி நீங்கள்தான் போக வேண்டும். 1940-இல் மிசிசிப்பியில் பிறந்து சிறுவயதிலேயே நியூ ஆர்லியன்ஸ் வந்தவர். பளபளக்கும் கோட்டும் தொப்பியுமாக வந்து, எந்த அலங்காரமும் இல்லாத கரடுமுரடான ப்ளூஸ் வாசிப்பார்.

இந்த விழாவின் பழைய கதை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஊரின் பியானோ வாசிப்புக்கே இலக்கணம் வகுத்த புரொபசர் லாங்ஹேர், 1971 வாக்கில் இசையைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டு ஓர் இசைத்தட்டுக் கடையில் பெருக்கித் துடைக்கும் வேலையில் இருந்தார். விழா அமைப்பாளர்கள் தேடிப்பிடித்து மேடையேற்றினார்கள். 1980-இல் இறக்கும்வரை அவர் வாழ்க்கையே மாறிப்போனது. காலை 11 மணிக்குச் சின்னக் கூட்டத்துக்கு வாசிக்கிற உள்ளூர்க்காரரைக் கடந்து போகும்போதெல்லாம் இது எனக்கு ஞாபகம் வரும், நின்று கேட்பேன். முதல் இரண்டு மணி நேரத்தை உள்ளூர்க்காரர்களுக்கே கொடுங்கள். முன்வரிசை காலியாகக் கிடைக்கும்.

படி 4: நடக்கும் நேரத்தையும் கட்டத்தில் வரையுங்கள்

நான் அடிபட்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் வருடம் ஹூஸ்டனிலிருந்து ஐந்தரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனேன். காகிதத்தில் ஒரு கட்டம் முடிகிற இடத்தில் அடுத்த கட்டம் தொடங்கியது, எல்லாம் அழகாகப் பொருந்தியது. ஒரு பெரிய மேடையில் கடைசிப் பாட்டு வரை நின்றுவிட்டு, இர்மா தாமஸ் பாடிக்கொண்டிருந்த மேடைக்குக் கிளம்பினேன். நாற்காலிகள், பாய்கள், கூடைகளுக்கு நடுவே ஒரு அடி, அரை அடியாகத்தான் நகர முடிந்தது. பந்தய ஓடுபாதை மண்ணைத் தாண்டும் இடத்தில் இரண்டு பக்கக் கூட்டமும் முட்டிக்கொண்டு நின்றது. போய்ச் சேர்ந்தபோது கைதட்டல் மட்டும் கேட்டது. 'நியூ ஆர்லியன்ஸின் சோல் ராணி' என்று ஊரே கொண்டாடும் 1941-இல் பிறந்த ஒரு பாடகியை, அவ்வளவு தூரம் போயும் ஒரு வரிகூடக் கேட்காமல் திரும்பினேன். இன்றும் மனசு ஆறவில்லை.

அதன்பின் செய்வது இது. ஃபெஸ்டிவல் மேடையும் ஜென்டில்லி மேடையும் மைதானத்தின் எதிரெதிர் முனைகள். இரண்டுக்கும் நடுவே பென்சிலால் 25 நிமிடக் கோடு போடுகிறேன். பக்கத்துப் பக்கத்து இடங்களுக்கு 10 நிமிடம். ப்ளூஸ் டென்ட், காஸ்பல் என்ற கிறிஸ்தவ பக்தி இசைக்கான காஸ்பல் டென்ட் போன்ற கூடாரங்களில் இருக்கைகள் நிரம்பிவிடும், ஆகவே மிகவும் வேண்டியவர் என்றால் அவருக்கு முந்தைய குழு வாசிக்கும்போதே உள்ளே உட்கார்ந்துவிடுங்கள். அந்த முந்தைய குழுவில் எனக்குப் பிடித்துப்போனவர்கள் எத்தனையோ பேர்.

ஒரு நாளைக்கு முழுதாக மூன்று கச்சேரிகள், போகிற வழியில் அரைகுறையாக இரண்டு. அதற்குமேல் வேண்டாம். ஐந்தாறு முழுக் கச்சேரி திட்டமிட்டால் நாள் முழுக்க முதுகுகளைத்தான் பார்ப்பீர்கள்.

அடுத்த வருடம் இர்மா தாமஸுக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் நின்றேன். கடைசியில் அவர் கைக்குட்டையை எடுங்கள் என்றதும் மைதானம் முழுக்க வெள்ளைத் துணிகள் சுழன்றன. என்னிடம் எதுவும் இல்லை. பக்கத்தில் நின்ற பாட்டி ஒருவர் தன் கைப்பையிலிருந்து மடிப்புக் கலையாத ஒன்றை எடுத்து நீட்டி, "வச்சுக்கோ, அடுத்த வருஷமும் கொண்டு வா" என்றார். ஓரத்தில் ஊதா நூலில் பூ வேலை. ஒவ்வொரு வருடமும் அதைக் கொண்டுபோகிறேன்.

படி 5: மோதல் வந்தால் இரவைப் பாருங்கள்

வேண்டிய இருவர் ஒரே நேரத்தில் வருவது கண்டிப்பாக நடக்கும். அப்போது அந்த வாரத்தின் இரவுக் கச்சேரிப் பட்டியலை எடுங்கள். விழாவில் வாசிக்கும் பலர் இரவில் ஊருக்குள் டிப்பிட்டினாஸ், மேப்பிள் லீஃப் போன்ற இடங்களிலும் வாசிப்பார்கள். இரவில் கிடைப்பவரை இரவுக்குத் தள்ளிவிட்டு, பகலில் மட்டும் கிடைப்பவரைப் பாருங்கள். ஃபங்க் என்றால் நான் எப்போதும் இரவுக்குத்தான் தள்ளுவேன். சின்ன அறையில், நள்ளிரவுக்குப் பிறகு அதன் வீச்சே வேறு. சோல் பாடகர்களைப் பகலில் கேளுங்கள்.

ஒரு விதிவிலக்கு: கடைசி ஞாயிறு மாலை பெரிய மேடையில் விழாவை முடித்துவைக்கும் பொறுப்பு முன்பு இந்த ஊர்க் குழுவான நெவில் பிரதர்ஸிடம் இருந்தது, 2013 முதல் ட்ராம்போன் ஊதும் உள்ளூர்க்காரர் ட்ராம்போன் ஷார்ட்டியிடம் வந்தது. அதை எதற்காகவும் விடாதீர்கள்.

முன்தயாரிப்புக்கு எந்தச் செயலியின் பரிந்துரைப் பட்டியலையும் நான் நம்புவதில்லை. ஊரின் சமூக வானொலி டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட்., 90.7 எஃப்.எம்., இணையத்திலும் ஒலிக்கிறது. ஒரு மாதம் சமைக்கும்போது ஓடவிடுங்கள். அப்புறம் க்யூப்ஸில் பாதிப் பெயர்கள் தெரிந்தவையாக இருக்கும்.

பின்சேர்க்கை: பதிவைப் படித்தவர்கள் கேட்டவை

மழை: ஒருவர் மழையில் மாட்டிக்கொண்டு திட்டமே குலைந்ததாக எழுதியிருந்தார். இடி மின்னல் வந்தால் மேடைகளை நிறுத்திவிடுவார்கள், நேரங்கள் தள்ளிப்போகும். மைதானம் சேறாகிவிடும், ரப்பர் பூட்ஸ் கட்டாயம். வானிலை மோசம் என்றால் அன்றைய திட்டத்தைக் கூடாரங்களைச் சுற்றியே போடுங்கள்.

வயதானவர்களுடன் போகிறவர்கள்: அம்மாவை அழைத்துப்போன தோழி ஒருவர் சொன்னது. மதிய வெயிலில் கிராண்ட்ஸ்டாண்ட் கட்டடத்துக்குள் இருக்கும் அலிசன் மைனர் மேடையில் போய் உட்காரலாம். இசைக்கலைஞர்களைப் பேட்டி காணும் மேடை அது. பேசிக்கொண்டே வாசித்தும் காட்டுவார்கள். ப்ளூஸில் ஆரம்பநிலை என்றால் நீங்களும் ஒருமுறை போய்க் கேளுங்கள்.

சைவம்: இதைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். நண்டு, இறால், பன்றி இறைச்சிக்கு நடுவே, மைதானத்துக்குள் பழைய திடலின் பெயரையே வைத்திருக்கும் காங்கோ ஸ்கொயர் மேடைப் பக்கம் ஆப்பிரிக்க முறையில் வதக்கிய கீரையும் பெரிய வாழைப்பழ வறுவலும் கிடைத்தன. வானொலிக்காரர்கள் விற்கும் மாம்பழ ஐஸும் உண்டு. வரிசை நீளமாக இருக்கும், அதற்கும் கட்டத்தில் 15 நிமிடம் ஒதுக்கிவிடுங்கள்.