குத்து வரும்போது முகம் திரும்புகிறதா? எனக்கு அது சரியான விதம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்ட மண்டபத்தில் தற்காப்பு வகுப்புக்குப் போகிறேன். தனியாகச் செய்யும்போது தடுப்பு சரியாக வரும். எதிரில் கையுறை கிளம்பியதுமே கண் இறுக மூடும், முகம் திரும்பும், கை பாதியில் நின்றுவிடும்.

கண்ணாடி முன் பழகினேன், பலனில்லை. அடி வாங்கினால் பயம் போய்விடும் என்று நண்பர் பலமாகவே குத்தினார். மூக்கில் பட்டது. அப்புறம் அவர் தோளை அசைத்தாலே என் தலை பின்னால் போனது.

மாஸ்டர் கவனித்தது வேறு: கண் மூடுவதற்கு முன்பே நான் மூச்சை அடக்கிவிடுகிறேன். பார்வையும் கையுறையிலேயே ஒட்டியிருந்தது. கையுறை கிளம்புமுன் தோள் அசைந்துவிடும், பார்க்க வேண்டியது அதைத்தான்.

அதனால் எதிரே நிற்பவரின் கழுத்துக்குக் கீழே உள்ள காறை எலும்பில் பார்வையை வைத்தேன். வகுப்பில் ஓர் அக்கா உள்ளங்கையால் மெதுவாக என் நெற்றியைத் தொடுவார். ஒவ்வொரு முறையும் ‘ஸ்ஸ்’ என்று மூச்சை வெளியே விட வேண்டும். முகம் திரும்பாவிட்டால்தான் வேகம் கூடும், திரும்பினால் மறுபடி மெதுவாக. எந்தக் கை வரும் என்று சொல்லாமல் தொடுவது கடைசியில்தான்.

இமை இன்னும் துடிக்கிறது. அது அனிச்சைச் செயல், முழுதாகப் போகாது. ஆனால் உடனே திறந்துகொள்கிறது, தடுக்கும் கையும் நேரத்துக்கு எழுகிறது. அப்பாடா! இப்போது அதே நண்பருடன், பல்லைக் காக்கும் மவுத் கார்டு போட்டு, லேசாக மோதிப் பழகுகிறேன்.