மேக்னெட்டோவைக் கழற்றும் முன்: எலெக்ட்ரானிக் இக்னிஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் சின்ன பிஸ்டன் விமானங்களில் கை வைக்கும் பையன்கள் பலரோடு வேலை பார்த்திருக்கிறேன். அல்சூர், ஸ்ரீராம்புரம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு, ஓசூரிலிருந்து தினமும் வந்து போகிறவர்களும் உண்டு. கெட்டிக்காரர்கள்தான். ஆனால் எஞ்சின் பிளக்குகளுக்குப் பொறி தரும் மேக்னெட்டோவை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்தும் வேலை வந்தால், நாங்கள் தொழில் பழகிய காலத்தில் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். ஃபயரிங் ஆர்டர் பார்த்து லீடு மாட்டு, நட்டை டார்க் பார்த்து இறுக்கு என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர் கவுலிங்கை, அதாவது எஞ்சின் மூடியை, திறக்கவே கூடாது. விஷயம் தெரிந்தவர்களே வழுக்கும் இடங்கள்தான் என் கவலை.

பெட்டி வந்த பிறகு டேட்டா பிளேட்டைப் படிப்பது

எஞ்சினின் மாடல் பெயர் பொறித்த டேட்டா பிளேட்டைப் பார்க்காமலே, செஸ்னா 172 என்றால் லைகாமிங் ஓ-320 எஞ்சின்தானே என்று இக்னிஷன் பெட்டிக்கு ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். 172எம்மில் இருப்பது ஓ-320-இ2டி. அதில் இரண்டு மேக்னெட்டோவும் தனித்தனி. ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதுப் பெட்டியை உட்கார வைக்கலாம். 1977 மாடலாக வந்த 172என்னில் இருப்பது ஓ-320-எச்2ஏடி. அதில் ஒரே கூட்டுக்குள் ஒரே டிரைவில் இரண்டு மேக்னெட்டோ. ஒன்றை மட்டும் எடுக்க வழியே கிடையாது. இரண்டு பெயரும் 'டி'யில் முடிவதால் ஏமாந்துவிடாதீர்கள். முதலாவதில் அந்த எழுத்து எஞ்சினின் பின்பகுதி அமைப்பைக் குறிக்கிறது. இரண்டாவதில்தான் அது இரட்டை மேக்னெட்டோவின் அடையாளம்.

அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ கொடுத்த எஸ்டிசி (மாற்றம் செய்வதற்கான ஒப்புதல்) கையில் இருக்கிறது என்பதற்காக, 'விடி' என்று தொடங்கும் இந்தியப் பதிவு விமானத்தில் ஸ்பேனரை வைக்கவும் கூடாது. நம் நாட்டு டிஜிசிஏ ஒப்புதல் முதலில், பார்சல் பிறகு.

மாஸ்டர் சுவிட்சுக்கு அப்பால் கரன்ட் எடுப்பது

என் கோபமெல்லாம் இந்த ஒரு தவறின் மேல்தான். எத்தனை முறை சொன்னாலும் அடுத்த விமானத்தில் மறுபடியும் இதையே பார்க்கிறேன்.

மேக்னெட்டோ விமானத்தின் பேட்டரியிடம் எதையும் கேட்பதில்லை. உள்ளே காந்தம் சுற்றுகிறது, காயிலில் மின்சாரம் பிறக்கிறது, பிளக்கில் பொறி விழுகிறது. பேட்டரி செத்தாலும், ஆல்டர்னேட்டர் பெல்ட் அறுந்தாலும், விமானத்தின் மின்சாரத்தை மொத்தமாக நிறுத்தும் மாஸ்டர் சுவிட்சைப் பைலட்டே அணைத்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். இவ்வளவு காலம் அதை விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தது இந்த ஒரு குணத்துக்காகத்தான். விமானக் கையேடுகளும் அதை நம்பியே எழுதப்பட்டிருக்கின்றன. 172 கையேட்டில், பறக்கும்போது மின் தீ ஏற்பட்டால் என்ன செய்வது என்ற பகுதியைத் திறந்தால் முதல் வரியே மாஸ்டர் சுவிட்ச் ஆஃப். புகை வாசனை வந்ததும் கை தானாக அங்கே போகும்படிதான் பைலட்டுகளைப் பழக்குகிறார்கள்.

எலெக்ட்ரானிக் இக்னிஷன் அப்படியில்லை. உள்ளேயே சின்ன ஆல்டர்னேட்டர் வைத்த பி-மேக் போன்றவை உண்டு. ரோட்டாக்ஸ் 912இல் ஸ்டேட்டர் காயிலே இக்னிஷனுக்குத் தனியாகக் கரன்ட் தருகிறது. மற்றபடி பெரும்பாலானவை விமானத்தின் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. புதிதாக மாட்டுபவர் என்ன செய்கிறார்? பேனலுக்குப் பின்னால் குனிந்து, கருவிகளுக்கெல்லாம் மின்சாரம் பிரியும் பஸ் பாரில் காலியாக இருக்கும் பிரேக்கரைத் தேடிப் பிடிக்கிறார். அங்கிருந்து வயரை இழுத்து, அழகாக லேஸ் கட்டி, பெயர் ஒட்டுகிறார். எஞ்சின் முதல் தட்டிலேயே ஸ்டார்ட் ஆகிறது. எல்லாருக்கும் சந்தோஷம். அந்த பஸ்ஸுக்கு உயிர் மாஸ்டர் ரிலே வழியாக வருகிறது என்பதை மட்டும் ஒருவரும் யோசிப்பதில்லை.

அப்படி மாட்டிய விமானம் ஒன்று எங்களிடம் வந்தது. ஓடுபாதையைச் சுற்றிப் பறக்கும் சர்க்யூட்டில் இருக்கும்போது பேனலிலிருந்து கருகல் வாசனை வந்திருக்கிறது. பைலட் பழகியபடி மாஸ்டரை அணைத்தார். அந்த நொடியில் இக்னிஷன் பெட்டியும் செத்துப்போனது. மிச்சமிருந்த மேக்னெட்டோ நாள்பட்டது. எஞ்சின் உதற ஆரம்பித்துவிட்டது. தீயும் எஞ்சின் கோளாறும் ஒன்றாக வந்துவிட்டதாக அவர் நினைத்தார். வேறென்ன நினைக்க முடியும்? ஓடுபாதை பக்கத்தில் இருந்ததால் பத்திரமாக இறங்கிவிட்டார். வாசனைக்குக் காரணம் ரேடியோவைக் குளிர்விக்கும் ஒரு சின்ன ஃபேன். அதற்குப் பிறகு வயரிங்கைப் பிரித்து மறுபடி இழுத்து, காகிதங்களைத் திரும்பத் தயார் செய்து முடிப்பதற்குள் விமானம் மாதக்கணக்கில் ஹேங்கரில் நின்றது. வாடகை, மணிக்கணக்கு, பறக்காத நாட்களின் இழப்பு எல்லாம் உரிமையாளர் தலையில்.

மாட்டிய தம்பியை அழைத்துக் கேட்டேன். "மாஸ்டரை ஆஃப் பண்ணா நிக்கத்தானே சார் செய்யும்? கார்ல அப்படித்தானே?" என்றான்.

"கார் ரோட்டோரமா நிக்கும்ப்பா. இது எங்க நிக்கும்?" என்றேன். அவன் முகம் மாறியது. கையேட்டில் அந்தத் தீப் பகுதியை அவனை எனக்கு முன்னால் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கச் சொன்னேன்.

கிட் கையேடு வேறு விதமாகச் சொல்லாதவரை முறை இதுதான்: பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து நேராகத் தனி வயர். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ். வழியில் மாஸ்டர் ரிலே கிடையாது, பஸ் பார் கிடையாது. எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலைத் துளைக்கும் இடத்தில் உலோக விளிம்பு வயரை அறுக்காத ஏற்பாடு இருக்க வேண்டும். எர்த் வயருக்கும் இதே மரியாதை வேண்டும். எஞ்சினுக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கும் பின்னல் பட்டை பச்சை பூத்துக் கிடந்தால் அதை முதலில் மாற்றுங்கள்.

பிறகு தரையில் ஒரு சோதனை. 1,700 ஆர்பிஎம்மில் ஓடவிட்டு, கீயை எலெக்ட்ரானிக் பக்கம் மட்டும் வையுங்கள். இரண்டாகப் பிரிந்த மாஸ்டர் சுவிட்சில் ஆல்டர்னேட்டர் பாதியை அணையுங்கள், அடுத்து பேட்டரி பாதியை அணையுங்கள். எஞ்சின் ஒரு விக்கல்கூட விக்கக் கூடாது. இதைப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

இன்னொன்றும் இதோடு சேர்ந்ததுதான். இனி பேட்டரியும் எஞ்சினின் ஒரு பாகம். ரேடியோ வேலை செய்கிறதே என்று பழைய பேட்டரியை இழுத்துப் பிடிக்காதீர்கள். அதன் கொள்ளளவைக் காலம் தவறாமல் சோதியுங்கள். சான்றிதழ் பெற்ற எஞ்சின்களில் பொதுவாக ஒரு மேக்னெட்டோவை விட்டுவைக்கச் சொல்வதும் இதனால்தான். சொந்தமாகக் கட்டிய விமானத்தில் இரண்டு பக்கமும் எலெக்ட்ரானிக் போடுபவர், இரண்டாவதற்குத் தனி மின்சாரம் இல்லாமல் போடவே கூடாது.

25 டிகிரியில் நிறுத்திப் பொருத்துவது

ஓ-320-இ2டியில் மேக்னெட்டோவை டிடிசிக்கு (பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம்) 25 டிகிரி முன்னால் நிறுத்திப் பொருத்திப் பழகிய கை இது. எலெக்ட்ரானிக் கிட்கள் பலவற்றை முதல் சிலிண்டரின் கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கில், சரியாக டிடிசியிலேயே நிறுத்திப் பொருத்த வேண்டும். பொறியை முன்னால் தள்ளும் வேலையைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். பழக்க தோஷத்தில் 25இல் நிறுத்தினால் பொறி 50 டிகிரி முன்னால் விழும். ஸ்டார்ட்டர் கியரும் சில சமயம் கனெக்டிங் ராடும் அதற்கு விலை கொடுக்கும். ரிங் கியரின் முன்முகத்தில் இருக்கும் கோடுகளை ஸ்டார்ட்டர் ஹவுசிங்கில் உள்ள சின்னத் துளையோடு சேர்த்துப் பாருங்கள். எந்தக் கோடு எது என்று சாக்பீஸால் எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்.

கீ சுவிட்சின் முதுகில் இருக்கும் ஜம்பர்

அந்தச் சின்ன உலோகப் பட்டை, ஸ்டார்ட் செய்யும்போது இம்பல்ஸ் கப்ளிங் (மெதுவாகச் சுற்றும்போது பொறியைத் தாமதப்படுத்தும் பாகம்) இல்லாத வலது மேக்னெட்டோவை எர்த் செய்துவைக்கிறது. எந்த மேக்னெட்டோ மிஞ்சுகிறது, அதில் இம்பல்ஸ் இருக்கிறதா என்று பார்க்காமல் அதைக் கழற்றாதீர்கள். இம்பல்ஸ் இல்லாத மேக்னெட்டோ மெதுவாகச் சுற்றும்போதே 25 டிகிரியில் பொறி விட்டால் புரொப்பெல்லர் பின்னால் உதைக்கும்.

அட்வான்ஸ் கூடினால் சூடும் கூடும்

மேனிஃபோல்ட் அழுத்தம், அதாவது எஞ்சின் இழுக்கும் காற்றின் அழுத்தம், குறைந்தால் பெட்டி பொறியை இன்னும் முன்னால் தள்ளும். அட்வான்ஸ் என்பது இதுதான். எரிபொருள் மிச்சமாவது இதனால்தான். ஆனால் நாம் இருப்பது கடலோரத்தில் இல்லை. பெங்களூரின் ஜக்கூர் விமானத் தளம் ஏறக்குறைய 3,000 அடியில் இருக்கிறது. எஞ்சின் அணைந்து நிற்கும்போதே மேனிஃபோல்ட் முள் 27 அங்குலத்தைத் தொடாது. சென்னையில் ஏறும்போது முழுச் சுமை என்று பெட்டி அடக்கி வாசித்த அதே ஏற்றத்தில், இங்கே அது சீக்கிரமே அட்வான்ஸ் கொடுக்க ஆரம்பிக்கும். அதுவும் ஏப்ரல் மதியத்தில், மெதுவான வேகத்தில், மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது.

ஓ-320க்கு சிலிண்டர் ஹெட் வெப்பத்தின் உச்ச வரம்பு 500 ஃபாரன்ஹீட். எஞ்சின் நீண்டநாள் உழைக்க 435க்குள் வைக்கச் சொல்கிறது லைகாமிங். பழைய செஸ்னாக்களில் இந்த வெப்பத்தைக் காட்டும் சிஎச்டி முள் இருந்தாலும் அது ஒரு சிலிண்டரைத்தான் பார்க்கும். மற்ற மூன்றும் என்ன பாடு படுகின்றன என்று தெரியாது. நான்கு சிலிண்டருக்கும் சென்சார் போடுங்கள். கிட்டில் வசதி இருந்தால் முதலில் நிலையான டைமிங்கில் பறந்து வெப்பங்களை எழுதிவையுங்கள். மாறும் டைமிங் உங்கள் எஞ்சின் மாடலுக்கு அனுமதிக்கப்பட்டிருந்தால் மட்டும் அதற்கு மாற்றி, மறுபடி எழுதுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குளிர்காற்றைச் சிலிண்டர் பக்கம் திருப்பும் பேஃபிள் ரப்பர் எங்கே கிழிந்திருக்கிறது என்பதுகூடத் தெரிந்துவிடும்.

எஸ்.பி. ரோடு வயர், ஜே.சி. ரோடு லக்

கடைத்தெருவில் கிடைக்கும் சாதா வயரும், வயர் முனையில் மாட்டும் லக்கும் வேண்டாம். விமானத்துக்கான டெஃப்செல் வயரும் அதற்குரிய கிரிம்ப் கருவியும் மட்டும்.

பிளக் இடைவெளி

கிட் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அது.

மிஞ்சிய மேக்னெட்டோவை மறப்பது

எலெக்ட்ரானிக் பக்கத்தின் பலமான பொறி எஞ்சினை மழமழவென்று ஓடவைக்கிறது. பக்கத்தில் மேக்னெட்டோ உள்ளே தேய்ந்துகொண்டிருப்பது வெளியே தெரிவதில்லை. மேலே சொன்ன விமானத்தில் நடந்ததும் அதுதான். 500 மணி நேரப் பரிசோதனை அதற்கு இன்னும் உண்டு. பாதி வேலை குறைந்துவிட்டது என்று லாக் புக்கில் அந்த வரியைத் தாண்டிப் போகாதீர்கள்.

ரன்-அப்பில், அதாவது பறக்கும் முன் ஒவ்வொரு பக்கமாக ஓட்டிச் சோதிக்கும்போது, ஆர்பிஎம் சரிவும் இனி பழையபடி இருக்காது. 172எம் கையேடு 1,700இல் 125க்கு மேல் இறங்கக் கூடாது, இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் 50ஐத் தாண்டக் கூடாது என்கிறது. எலெக்ட்ரானிக் பக்கம் தனியாக ஓடும்போது முள் அதிகம் அசையாது. மேக்னெட்டோ தனியாக ஓடும்போது நன்றாக இறங்கும். கிட்டோடு வரும் கையேட்டு இணைப்பில் புது வரம்பு இருக்கும். அதை விமானத்தில் வைக்காமல் அலமாரியில் வைத்துவிட்டால், மாணவர் பதறிப்போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவார்.

புரொப்பெல்லரைத் தொடுவது

பேட்டரியிலிருந்து நேராக வயர் போகிறது என்றால், மாஸ்டர் ஆஃபில் இருந்தாலும் பெட்டிக்கு உயிர் இருக்கிறது. கீ சுவிட்சிலிருந்து மேக்னெட்டோவை எர்த் செய்து அணைக்கும் வயரான பி-லீடு அறுந்திருந்தால் கீயை அணைத்தும் பயனில்லை. சாவி பையில் இருக்கிறது என்று பிளேடைப் பிடித்துத் திருப்பாதீர்கள். திருப்பியே ஆக வேண்டுமென்றால் பெட்டியின் ஃபியூஸைப் பிடுங்கி வையுங்கள், மேக்னெட்டோவின் பி-லீடு எர்த் ஆகிறதா என்று மீட்டரில் பாருங்கள். அதற்குப் பிறகும் பிளேடு சுற்றும் பாதையில் உடல் படாதபடி நின்றே திருப்புங்கள்.